பிலோமினா அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் படகு

அன்றைக்குப் படகில் இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு வரக் கூடாது. பிலோமினா அக்கா இருந்தார். நான் இருந்தேன். என் இளைய மகள் ஜெனிற்றா இருந்தாள். இப்போது எனக்கு மருமகனாக இருக்கும் அன்ரன், அவருடைய தாய் மார்கிரட், மார்கிரட்டின் தம்பி பெனடிக்ற், இந்த மூன்று பேரும் இருந்தார்கள். படகை ஓட்டியவர் சடை பின்னிய ஒரு கியூபெக்காரி. அவருடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை. பின்னுக்கு இருக்கும் நீள வாங்கில் ஒரு நாய்க்குட்டியோடு இருந்த கிழவனும் கிழவியும் பிரெஞ்சுக்காரர். வேறு ஒருவரும் இல்லை.

இதில் முதலில் பெயர் எழுதிய ஆள் போய்விட்டார். செய்தி வந்தபோது நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சவிரி அண்ணை, அக்காவின் மனிசன். துறைமுகத்தில் இரைச்சலுக்குள் நின்று வேலை செய்து பழகியவர், எப்போதும் சத்தமாகத்தான் கதைப்பார். அன்றைக்கு மெதுவாகக் கதைத்தார். "லீசா, உன்ரை அக்கா போட்டா" என்றார். காலையில் எழும்பித் தேத்தண்ணி போட்டு, அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டாராம். நான் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பஸ் பிடித்து நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே போய்க் கைப்பையைத் திறந்தால் உள்ளே பூசணிக்காய் வெட்டிய கத்தி கிடக்கிறது. எப்படி அதை எடுத்து வைத்தேன் என்று தெரியாது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு கத்தியை வைத்தே ஒரு வருடம் என்னைப் பகிடி பண்ணியிருப்பார்.

கோயில் பங்கில் அக்காவுக்கு நினைவு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கத்துக்குள் அடக்கி எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீண்டுபோனால் மற்ற ஆட்களின் பக்கத்தை வெட்டுங்கள்.

அக்காவை எனக்குத் தெரிய வந்தது சென்ட் லோரன்டில், மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில். எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் கனடாவுக்கு வந்து ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிருந்தது. மொன்றியல் என்றால் எனக்குப் பஸ் கண்ணாடிக்குள்ளால் தெரிகிற அளவுதான். வேலை, வீடு, பூசை. ஒரு நாள் இடைவேளையில் அக்கா, இந்த ஊரில் ஆறு இருக்கிறது தெரியுமா, படகு ஓடுகிறது தெரியுமா என்று கேட்டார். எனக்குப் படகில் போனது போதும் என்றேன். மன்னார்க் கரையில் இருந்து பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போன அந்தப் படகுக்குப் பிறகு, நான் குளத்துக்குக் கூடக் கால் வைக்காத ஆள். அக்காவும் மன்னார்தான். அவரும் அப்படித்தான் கடந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் படகு வேறை, இந்தப் படகு வேறை. இதிலை ரிக்கற் இருக்கு. ரிக்கற் தாறவன் திரும்பக் கொண்டுவந்து விடுவான்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய ஆற்றைக் குறுக்கே கடந்து அக்கரைக்கும் தீவுக்கும் போய்வரும் பொதுப் படகு அது. வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் ஏறுவது. பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய உல்லாசப் படகு ஒன்று நின்றது. அது நல்லாயிருக்கிறதே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அதிலை மைக்கிலை கதைக்கிறவன் உனக்குத் தெரியாத பாசையிலை சொல்லுவான். நான் தெரிஞ்ச பாசையிலை சொல்லுறன், வா" என்றார். படகு கரையை விட்டு அசைந்தபோது நான் அக்காவின் முழங்கையைப் பிடித்த பிடியில் அடுத்த நாள் அவருக்கு அந்த இடம் கன்றிப் போயிருந்தது. அதை வேலைத்தலத்தில் எல்லோருக்கும் காட்டினார். நான் ஆற்றைப் பார்த்ததற்கு அதுதான் அத்தாட்சி என்றார்.

அக்கா தெரிந்த பாசையில் சொன்னது எல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. அவர் ஊரைக் காட்டும் முறையே தனி. கரையில் சிவப்பு எழுத்துப் போட்டு நிற்கும் மா ஆலையைக் காட்டி, "உதைக் கும்பிடு. உந்த ஆலை நிண்டால் மொன்றியல் தமிழாக்களுக்குப் பிட்டு இல்லை" என்பார். கோதுமை மாவை அவித்து அரித்துப் பிட்டுக்குக் குழைக்கும் எங்களுக்கு அது உண்மையில் ஆலயம்தான். தானியம் கொட்டி வைத்த பழைய பெரிய சீமெந்துக் குதிர்கள் வெறுமையாக நிற்கின்றன அல்லவா, அவற்றைத் தனக்குத் தந்தால் கீழே கோயிலும் மேலே கலியாண மண்டபமும் கட்டுவேன், வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒருவரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்பார். பாலம் வந்தால் அதை யார் கட்டியது என்று ஒரு பெயர் சொல்வார். அடுத்த முறை வேறு பெயர் சொல்வார். நான் போன முறை சொன்னதை ஞாபகப்படுத்துவேன். எனக்கு ஒன்றும் மறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். "அவர் தொடங்கினவர், இவர் முடிச்சவர்" என்று ஒரு நிமிடமும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

படகில் அக்காவுக்கு ஊர் பார்ப்பதைத் தவிர இன்னொரு அலுவலும் இருந்தது. யாருக்காவது யாரோடாவது கதைக்க முடியாமல் இருந்தால் இரண்டு பேரையும் படகில் ஏற்றிவிடுவார். "நிலத்திலை கதைச்சால் எல்லாருக்கும் எழும்பிப் போக இடமிருக்கு. தண்ணியிலை வைச்சுக் கதையுங்கோ" என்பார். எங்கள் வரிசையில் வேலை செய்த இரண்டு பெண்கள், குளிர் கோட்டு மாறிப் போட்டுக்கொண்டு போன விசயத்தில் பனி தொடங்கிய நாளில் இருந்து கதைக்காமல் இருந்தார்கள். ஜூன் மாதம் அக்கா அவர்களை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ஒருவர் முன்னுக்கும் ஒருவர் பின்னுக்கும் இருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து, கோட்டை மாற்றி மாட்டியது நான்தான் என்று முடிவு கட்டி என்னைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அதை நான் செய்யவில்லை. இப்போதும் சொல்கிறேன், செய்யவில்லை.

பிறகு, கனகாலமாக மூடிக் கிடந்த பழைய கால்வாயைத் திரும்பவும் படகுகளுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய துறைமுகத்தில் இருந்து கால்வாய் வழியாக அட்வாட்டர் சந்தை வரைக்கும் ஒரு சின்னப் பொதுப் படகு ஓடத் தொடங்கியது. அக்காவுக்கு அது பெருநாள் வந்த மாதிரி. அந்தப் படகில்தான் என் மகளின் சங்கதி நடந்தது.

ஜெனிற்றாவுக்கு அதற்கு முன்பு மூன்று இடம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பேச்சு முற்றாகும் வரைக்கும் மாப்பிள்ளை பகுதி பெண் பகுதியின் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். மூன்று இடமும் எங்கள் நிலக்கீழ் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணியை மட்டும் குடித்தார்கள். பிள்ளை விடியப்புறம் எழும்பிச் செய்த பலகாரத் தட்டை அவள் நீட்ட, அவர்கள் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். முதல் வந்த வீட்டார் தகப்பன் இல்லாத பிள்ளை என்றார்கள். இரண்டாவது வீட்டார் நிறம் என்றார்கள். மூன்றாவது வீட்டார் ஒன்றும் சொல்லாமல், யன்னல் ஏன் இவ்வளவு சின்னன் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த மூன்று வீட்டாரின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் பிள்ளை நிறைந்த தட்டை நிறைந்தபடியே குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். அந்தப் பலகாரத்தை நாங்களே ஒரு கிழமை தின்றோம். மூன்றாம் முறை தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அம்மா, இனி நான் ஒரு தட்டோடையும் ஒருத்தருக்கும் முன்னாலை வந்து நிக்கமாட்டன். கேக்காதேங்கோ." அவள் கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்கிறவள். குரல் உயர்த்தத் தெரியாதவள். அப்படிப்பட்டவள் மெதுவாகச் சொன்னால் அது முடிந்த முடிவு.

நான் அக்காவிடம் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை. நேரே பிள்ளையிடம் போனார். அன்ரன் என்று ஒரு பொடியன் இருக்கிறான், சென்ட் லோரன்டில் விமான உறுப்புச் செய்யும் இடத்தில் வேலை, தாயைக் கவனமாகப் பார்க்கிறவன் என்று ஒளிக்காமல் சொன்னார். ஜெனிற்றா தலையாட்டி மறுத்தாள். "உன்னை ஆரும் பாக்க வரேல்லை. நீ ஊர் பாக்கப் போறாய். ஊரோடை ஒரு பொடியனும் நிப்பான். பிடிச்சால் அவனைப் பார், பிடிக்காட்டி ஊரைப் பார்" என்றார் அக்கா. தட்டு உண்டா என்று பிள்ளை கேட்டாள். தட்டு இல்லை. "எனக்குத் தின்ன மட்டும் கொஞ்சம் மீன் கட்லற் செய்து தா, உன்ரை கைப்பதம் ஒருத்தருக்கும் வராது" என்றார். அக்கா கேட்டால் அவள் இல்லை என்று சொன்னதில்லை.

இறங்குதுறையில் அவர்கள் மூன்று பேரும் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார்கள். மார்கிரட் அந்த வெயிலில் கூறைக்கு நிகரான பட்டுச்சேலை உடுத்து, மேலே கம்பளிச் சால்வையும் போர்த்திருந்தார். பெனடிக்ற் குடையும் கமராவுமாக நின்று, தான் இதைவிடப் பெரிய கப்பல்களில் எல்லாம் போனவன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். அன்ரன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜெனிற்றாவைக் கண்டதும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதை நான் கவனித்தேன். மார்கிரட்டின் முகம் நல்லாயில்லை என்பதையும் கவனித்தேன். வணக்கம் சொன்னவர் என் கையைப் பிடிக்கவில்லை. படகில் ஏறியதும் எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்தார். நாலாவது இடமும் போய்விட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா ஒன்றும் தெரியாத மாதிரித் தன் அலுவலைத் தொடங்கினார். ஆலையைக் காட்டினார். குதிர்களைக் காட்டினார். பெனடிக்ற் இடையில் புகுந்து திருத்தப் பார்த்தார். "ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறதும் சரி" என்று அவரையும் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டு போனார். அன்ரனும் ஜெனிற்றாவும் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

அந்தக் கால்வாயில் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்வாயின் தண்ணீர் ஆற்றை விட உயரம். அதனால் படகு முதலில் ஒரு கல் தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவைச் சாத்துவார்கள். பிறகு தொட்டிக்குள் தண்ணீர் விட, படகு மெல்ல மெல்ல மேலே எழும்பும். அதன்பிறகு முன் கதவு திறக்கும். அன்றைக்கு ஞாயிறு, நல்ல வெயில். மேலே சின்னப் படகுகள் நெரிசலாக நின்றன. எங்களை உள்ளே விட்டுப் பின் கதவைச் சாத்தியவர்கள் தண்ணீர் விடவில்லை. காத்திருக்கச் சொல்லிக் கை காட்டினார்கள். இரண்டு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர். மேலே ஒரு துண்டு வானம். ஒருவரும் எங்கேயும் போக முடியாது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நெரிசலையும் அவரே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தார்.

மார்கிரட்டுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. பூசைக்கு முன்பு ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர், நேரம் போகப் போக அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. சால்வைக்குள் ஒளித்தார். அக்கா கண்டுவிட்டார். பையைத் திறந்து கட்லற் டப்பாவை அவர் மடியில் வைத்தார். வேண்டாம் என்று மார்கிரட் தள்ளினார். "சாப்பிடுங்கோ. நீங்கள் மயங்கி விழுந்தால் அதைப் பிரெஞ்சிலை சொல்ல எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. மார்கிரட் ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போதுதான் நடுக்கம் நின்று, முகத்தில் இரத்தம் வந்தது. இது யார் செய்தது, மீன் இவ்வளவு பதமாக இருக்கிறதே என்று கேட்டார். அக்கா முன்பக்கம் கையைக் காட்டி, "அங்கை நிக்கிறா பாருங்கோ, அவதான்" என்றார்.

பெனடிக்ற் குடையை ஊன்றிக்கொண்டு எழும்பித் தன் தமக்கையைப் பார்த்தார். "அக்கா, பெண் பகுதியிலை கை நனைச்சிட்டியள்."

"தம்பி, பெண் வீடு எங்கை இருக்கு? இது கனடா அரசாங்கத்தின்ரை தண்ணி" என்றார் எங்கள் அக்கா.

"வீடு இல்லாட்டி என்ன, சாப்பாடு அவையின்ரைதானே."

"அப்ப நீங்கள் கையிலை வைச்சிருக்கிறது என்ன?"

பெனடிக்ற் தன் கையைப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு பாதிக் கட்லற் இருந்தது. மற்றப் பாதி எங்கே போனது என்பது அவருடைய மீசையில் தெரிந்தது. எறிவதா விழுங்குவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். பின் வாங்குக் கிழவி தன் கிழவனிடம் ஏதோ கேட்க, கிழவன் தோளைக் குலுக்கினான். நாய்க்குட்டி பெனடிக்ற்றின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மார்கிரட்தான் உடைந்தார். வஞ்சகம் இல்லாத மனுசி. சாப்பிட்டுவிட்டு மனதில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை தனக்குத் தொலைபேசியில் ஒரு கோல் வந்தது என்றார். பெண் குரல். பெயர் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னதாம். சந்தேகம் என்றால் கேட்டுப் பாருங்கள், கோயிலில் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் பெற்ற நாளில் குசினிக்குள் நினைவில்லாமல் விழுந்தவள் என்றும் சொன்னதாம். பிலோமினாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வந்தேன், ஒன்றும் வாயில் வைக்காமல் திரும்புவோம் என்றுதான் வந்தேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

எனக்குக் கேட்டது அந்தக் குசினி என்ற ஒரு சொல்தான். பிள்ளை அன்றைக்கு விழுந்தது கோயிலில் இல்லை, எங்கள் வீட்டுக் குசினியில். பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. அப்போது அங்கே நின்றது நான், பிள்ளையின் தகப்பன், இன்னும் ஒரே ஒரு ஆள். தகப்பன் இப்போது இல்லை. நான் கோல் எடுக்கவில்லை. மிச்சம் யார் என்பதற்குப் படிப்பு வேண்டுமா. நான் வாய் திறக்க முன்பே அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முதல் நாள் நான் அவரைப் பிடித்த பிடியை அன்றைக்கு எனக்குத் திருப்பித் தந்தார்.

கதைத்தது ஜெனிற்றா. தொட்டிக்குள் கதைத்தால் மெதுவாகக் கதைத்தாலும் சுவரில் பட்டு எல்லோருக்கும் கேட்கும். அவள் முன்பக்கத்தில் இருந்து வந்து மார்கிரட்டுக்கு முன்னால் நின்றாள். கையில் தட்டு இல்லை. "அன்ரி, விழுந்தது உண்மை. சுத்தமாய் உறுதிபூசுதல் பெறவேணும் எண்டு முதல் நாளிலையிருந்து தண்ணியும் குடிக்காமல் உபவாசம் இருந்தனான். அதுக்கு முன்னமும் விழேல்லை, பிறகும் விழேல்லை. என்னைப் பற்றிக் கேக்கிறதெண்டால் என்னட்டைக் கேளுங்கோ. நான் இஞ்சைதான் நிக்கிறன்."

மார்கிரட் தன் கையைப் பார்த்தார். சற்று முன்பு நடுங்கிய கை அது.

அப்போதுதான் அன்ரன் வாய் திறந்தார். அதுவரைக்கும் அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "அம்மா, பயத்திலை நான் காலமையிலையிருந்து இன்னும் விழாமல் நிக்கிறதே பெரிய விசயம்" என்றார். முதலில் சிரித்தது ஜெனிற்றா. பிறகு எல்லோரும் சிரித்தோம். பெனடிக்ற் சிரிக்க வாய் திறந்து, திறந்த வாய்க்குள் மற்றப் பாதியையும் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் விட்டார்கள். படகு எழும்பத் தொடங்கியது. ஈரச் சுவர் கீழே கீழே போனது. முதலில் புல்லு தெரிந்தது, பிறகு சைக்கிள் சில்லுகள், பிறகு மேலே நின்று வேடிக்கை பார்த்த ஆட்களின் முகங்கள். மார்கிரட் டப்பாவை எடுத்தார். அக்காவிடம் கொடுக்கவில்லை. என் மகளிடம் நீட்டினார். "இன்னொண்டு எடுத்துத் தா பிள்ளை" என்றார்.

ஜெனிற்றா எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் பெனடிக்ற்றைப் பார்த்தபடி ஆற அமரக் கடித்துச் சாப்பிட்டார். அதுதான் நிச்சயதார்த்தம். பிறகு கோயிலில் செய்தது ஊருக்காக. மிச்சக் கட்லற்றை அக்கா படகு முழுக்கக் கொடுத்தார். கிழவனுக்கும் கிழவிக்கும் ஆளுக்கு ஒன்று, நாய்க்குட்டிக்கு உதிர்ந்தது. படகோட்டிக்கு ஒன்று கொடுக்க, அவர் மெர்சி என்றார். அக்கா தனக்குத் தெரிந்த மற்றச் சொல்லான போன்ஜூரைச் சொன்னார். முன் கதவு திறந்தது.

அட்வாட்டர் சந்தையில் எல்லோரும் பூச்செடி பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். நான் அக்காவை ஒரு வாங்கில் இருத்தி, கோல் எடுத்த ஆளின் பெயரைச் சொன்னேன். இன்றைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்கப் போகிறேன் என்றேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. அவருக்கும் விளங்கியிருந்தது. "நீ சண்டைக்குப் போனால் கதை பரவும். பரவினால் அடிபடப் போறது உன்ரை பிள்ளையின்ரை பேர். நான் உயிரோடை இருக்கிறவரைக்கும் அந்தப் பேரை நீ வாயாலை சொல்லப்படாது" என்றார். மன்னிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். "மன்னிக்கிறது உனக்கு வராது. எனக்குத் தெரியும். வாயை மூடுறதையாவது பழகு" என்றார். அந்தோனியாரின் மேல் சத்தியம் வாங்கினார்.

நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு அந்த ஆள் வந்தார். சொந்தக்காரர் வரிசையில் இருந்து படம் எடுத்துக்கொண்டார். நானே கேக் துண்டு வைத்துக் கொடுத்தேன். பேத்தி பிறந்து ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, தகப்பன் பகுதி மூக்கு என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன். ஒவ்வொரு முறையும் மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் இருந்து அக்கா என்னைப் பார்ப்பார். வாயில் விரலை வைப்பார். பிறகு தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் பொறுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கடைசியாகப் போனோம். அந்தச் சின்னனுக்குத் தமிழ் விளங்கும், வாயில் பிரெஞ்சுதான் வரும். அக்கா வழக்கம் போல ஆலையையும் குதிர்களையும் பாலத்தையும் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர், அக்கா என்ன சொல்கிறார் என்று பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை ஒன்றும் விடாமல் பிரெஞ்சில் சொல்லிவிட்டது. அவர்கள் தலையாட்டிக் கேட்டுப் படமும் எடுத்தார்கள். மொன்றியலின் பெரிய ஆலை தமிழர்களுக்குப் பிட்டு மா அரைக்கக் கட்டியது என்று நம்பிக்கொண்டு இப்போது எங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இனி அது சரித்திரம்" என்றார்.

அவரிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைதான். பூசை முடிய நான் துறைமுகத்துக்குப் போவேன். குளிர் வந்து படகை நிறுத்தும் வரைக்கும் போவேன், வசந்தத்தில் விட்டதும் திரும்பப் போவேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். புதிதாக வந்து பஸ் கண்ணாடிக்குள்ளால் மட்டும் ஊரைப் பார்க்கிற பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். ஊரை நான் சொல்லிக் காட்டுவேன். பாலத்தைக் கட்டியவரின் பெயரை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்ல எனக்கு வராது, எனக்கு ஞாபகசக்தி கூடுதல். ஆனால் யாருக்காவது யாரோடாவது கதைக்க முடியாமல் இருந்தால், இரண்டு பேரையும் கொண்டுவந்து ஏற்றுங்கள். அந்தக் கல் தொட்டிக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவிடம் இருந்து எனக்கு வராமல் போனது ஒன்றுதான், அதை அவரே அன்றைக்கு அந்த வாங்கில் இருந்து சொல்லிவிட்டார். அவர் கேட்டது தான் உயிரோடு இருக்கும் வரைக்கும். நான் அதற்கு ஒரு நாளும் குறை வைக்கவில்லை. அவரை மண்ணுக்குக் கொடுத்து, பூசையும் ஒப்புக்கொடுத்தாகிவிட்டது. சத்தியம் முடிந்தது. என் பிள்ளை நல்லாயிருக்கிறாள், இனி அவளுடைய பெயருக்கு ஒன்றும் வராது. மூன்று வீட்டாரையும் நான் விட்டுவிட்டேன். பெனடிக்ற்றை எப்போதோ விட்டுவிட்டேன், இப்போது எங்கள் வீட்டுக் கட்லற்றுக்கு முதல் ஆள் அவர்தான். ஆனால் தன் மகளுக்கு அன்ரனைக் கேட்டு அது சரிவராத கோபத்தில், தான் ஞானத்தாயாகக் கையில் ஏந்தி ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த பிள்ளைக்கே வலிப்பு என்று கோல் எடுத்த ஓர் ஆள் இருக்கிறார். பிலோமினா அக்கா அவருக்காகவும் செபித்திருப்பார். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அவர் என் கணவரின் தங்கை, கிளாரா.